வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து கிரிமினல் வழக்குகள் பற்றி வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில். கடிதங்களில் பலரும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி) (கெட்ட வார்த்தை), 323 (அடித்தது), 506 (மிரட்டல்) என்றே எழுதியிருக்கிறார்கள். 1.7.2024 முதல் நடந்த சம்பவங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் பொருந்தும். அதில் இந்த மூன்றும் 296(பி), 115(2), 351 என்று மாறியிருக்கின்றன. கைது, ஜாமீன், விசாரணை நடைமுறைகள் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் உள்ளன. கீழே ‘நடைமுறைச் சட்டம்’ என்று சொல்வது அதைத்தான்.

பக்கத்து வீட்டுக்காரரோடு மழைத்தண்ணீர் விழுகிற இடம் தொடர்பாக வாய்த்தகராறு. கைகலப்பு எதுவும் இல்லை. நேற்று ஸ்டேஷனிலிருந்து போன்: “உங்க மேல பெட்டிஷன் வந்திருக்கு, வந்துட்டுப் போங்க.” இப்போதே வக்கீல் வைத்தால் நாமே தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா?
– வாசகர், புதுவயல்

ஆகாது. வக்கீலோடு வருகிறவரைப் பார்த்து ஸ்டேஷனில் முகம் சுளிக்கலாம். அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

முதலில் விஷயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். வந்தது வெறும் மனுவா, மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகார் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) போட்டிருக்கிறார்களா, எஃப்.ஐ.ஆரே பதிவாகிவிட்டதா? போன் செய்தவரின் பெயரையும் பதவியையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, “சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா, நம்பர் என்ன?” என்று பணிவாகக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் கொடுத்துப் பார்க்கலாம்.

சி.எஸ்.ஆர். கட்டமானால் பெரும்பாலும் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி எழுதி வாங்குவார்கள். அந்த ‘எழுதி வாங்குவதில்’தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். “இனிமேல் பிரச்சினை செய்ய மாட்டேன்” என்று எழுதிக் கொடுத்தால், இதுவரை செய்தது நீங்கள்தான் என்று பின்னால் அதைப் படிக்கலாம். “என் மீதான புகாரை மறுக்கிறேன், விசாரணைக்கு ஒத்துழைக்கிறேன்” என்ற இரண்டு வரியோடு நிறுத்தலாம். அந்த இரண்டு வரிக்காகவே ஒரு மணி நேரம் வக்கீலிடம் உட்காருவது தகும்.

எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால், ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்ய வேண்டிய தேவை இல்லாதபோது நடைமுறைச் சட்டம் 35(3)-ன் கீழ் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் சொன்ன தேதியில் போனால், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அதையே காரணமாக எழுதிவிடலாம். ஆகவே ஒளியாதீர்கள். போகும்போது நோட்டீஸின் நகலில் வந்த தேதியும் நேரமும் எழுதி முத்திரை கேளுங்கள். விசாரணையில் நீங்கள் சொல்வதைப் போலீஸ் எழுதினால் அதில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது. அது 181-வது பிரிவு. அறுபது வயதைத் தாண்டியவரையோ உடல்நலம் குன்றியவரையோ மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள வழக்கில் கைது செய்ய டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும்.

ஒரு இடைச்சொருகல்: வாய்ச்சண்டை வழக்குகளில் ‘கெட்ட வார்த்தை பேசினார்’ என்ற 296(பி) ஏன் தவறாமல் வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். சும்மா கையால் அடித்தது, 115(2), கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம். கூட ஒரு 296(பி) சேர்ந்தால் மொத்த வழக்கையும் தாமே விசாரிக்கலாம். இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவைதான். இவை மட்டும் இருந்தால் ஜாமீன் உங்கள் உரிமை. முன்ஜாமீன் மனு போட வேண்டும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால், எந்தப் பிரிவுக்காக என்று கேளுங்கள்.

சம்பந்தி வீட்டுத் தகராறில் என் தம்பி மீது வழக்கு. மதுரையில் பெரிய வக்கீலை வைக்கச் சொல்கிறார்கள் சிலர், உள்ளூரே போதும் என்கிறார்கள் சிலர். நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, தேவகோட்டை

வழக்கு எந்த ஸ்டேஷனில் என்பதிலிருந்து தொடங்குங்கள். செட்டிநாடு என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் கோர்ட்டுக்கு அது இரண்டு மாவட்டம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். கோனாபட்டு, ராயவரம், பொன்னமராவதிப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். உங்கள் வீடு எங்கே என்பதைப் பார்க்க மாட்டார்கள். சம்பவம் நடந்த இடம் எந்த நிலைய எல்லை, அந்த நிலையம் எந்த மாஜிஸ்திரேட்டுக்கு உட்பட்டது என்பதுதான் கணக்கு. முன்ஜாமீனுக்கு வழக்கமாக முதலில் அந்த மாவட்ட செஷன்ஸ் கோர்ட், அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலையில் தொடங்கிய அந்தக் கிளைக்குச் சிவகங்கையும் புதுக்கோட்டையும் உட்பட்டவை.

அடிதடி வழக்கென்றால் எங்கள் கணிப்பு இது: அந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாரம் நான்கு நாள் நிற்கிற வக்கீல் மதுரைப் பெயரை விட மேல். வாய்தா மாற்றம், சூரிட்டி (ஜாமீன் நிற்பவர்) சரிபார்ப்பு, நகல் மனு, பிடிவாரண்ட் திரும்பப் பெறுவது என்று வழக்கின் முக்கால் பங்கு வேலை அங்கேதான். மதுரை வக்கீல் உயர் நீதிமன்ற மனுவுக்கு மட்டும் தேவை. அதைத் தனியாக, உள்ளூர் வக்கீல் கேஸ் கட்டைக் கொடுத்து நடத்தலாம். கொலை, போக்சோ, கஞ்சா மாதிரி செஷன்ஸ் தரத்து வழக்கானால் கதை வேறு. சாட்சி விசாரணையைக் கடைசி வரை நடத்திப் பழகிய ஒருவர் அங்கே வேண்டும். ஜாமீன் மட்டுமே எடுத்துப் பழகியவர் போதாது.

வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி இடம் தராது. அதனால் ஸ்டேஷன் வாசலில் கார்டு நீட்டுகிறவரையும், “நான் சொல்ற வக்கீலைப் போடுங்க” என்கிற ரைட்டரையும் ஒரே தூரத்தில் வைக்கவும். கோர்ட் திறந்த இடம். காலையில் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது கேஸ் கட்டைப் பார்த்துக் கேட்கிறவர் யார், “வாய்தா வேண்டும்” என்று மட்டும் எழுந்து உட்காருகிறவர் யார் என்று ஒரு காலைப்பொழுதிலேயே தெரிந்துவிடும்.

சந்திக்கும்போது கேட்க வேண்டியவை: எந்தப் பிரிவுகள், அதில் ஜாமீன் தர முடியாதது எது? தினமும் நீங்கள் ஆஜராவீர்களா, ஜூனியரா? எதிர்த்தரப்புக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ முன்பு ஆஜரானது உண்டா? நம் ஊர்களில் ஒரே வக்கீல் இரண்டு பங்காளிக்கும் பத்திர வேலை பார்த்திருப்பார், ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். தம்பியோடு வேறு ஆட்களும் ஏ2, ஏ3 என்று சேர்க்கப்பட்டிருந்தால் எல்லோருக்கும் ஒரே வக்கீல் என்பது செலவுக்குச் சுலபம். ஆனால் ‘நான் அடிக்கவில்லை, அவன்தான்’ என்பது தம்பியின் வாதமாக இருந்தால் அந்த வக்கீலால் அதைப் பேசவே முடியாது.

கொண்டு போக வேண்டியது: எஃப்.ஐ.ஆர். நகல், சம்பவ நாளின் நேரவாரியான குறிப்பு, அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் ஏ.ஆர். (அங்கே காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேடு) நகல், சிசிடிவி இருக்கிற கடைகளின் பட்டியல். சிசிடிவி பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும், அதனால் அதைப் பாதுகாக்கச் சொல்லும் மனு முதல் வாரத்திலேயே போக வேண்டும். தம்பிக்கும் அடி விழுந்திருந்தால் எதிர்ப்புகார் கொடுங்கள். இரண்டு வழக்கையும் சேர்த்து விசாரிக்க வேண்டியது புலன்விசாரணை அதிகாரியின் கடமை. வாரக்கணக்கில் தாமதித்துக் கொடுக்கும் எதிர்ப்புகாருக்குக் கோர்ட்டில் எடை குறைவு.

“ஜாமீனுக்கு ஒரு தொகை” என்றார். கொடுத்தோம். இப்போது வாய்தாவுக்கு வாய்தா கேட்கிறார். ரசீது இல்லை. “உள்ளே கொடுக்க வேண்டியிருக்கிறது” என்றும் சொல்கிறார். வக்கீலை மாற்றலாமா?
– வாசகர், கோட்டையூர்

கடைசி வாக்கியத்துக்கு முதலில் பதில்: ‘உள்ளே’ கொடுக்க எதுவும் கிடையாது. அதைக் கேட்ட அன்றே மாற்றுங்கள். பணம் உள்ளே போனாலும் போகாவிட்டாலும் உங்கள் மீது இன்னொரு வழக்குக்கு விதை அது.

கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பேச வேண்டும். ஜாமீன் அல்லது முன்ஜாமீன் ஒன்று. அதன் பிறகு குற்றப்பத்திரிகை வரும்வரை கண்டிஷன் தளர்த்தும் மனு போன்றவை. குற்றப்பத்திரிகை வந்து வழக்குக்கு எண் விழுந்ததிலிருந்து தீர்ப்பு வரை மூன்றாவது, மேல்முறையீடு நான்காவது. ஒவ்வொன்றிலும் வக்கீல் பீஸ் தனி. ஸ்டாம்ப், நகல், டைப்பிங், குமாஸ்தா, பயணம் தனி. வாய்தா கணக்கில் பேசினால் வழக்கு நீள நீள உங்களுக்கு நஷ்டம். மொத்தமாகப் பேசினால் சாட்சி விசாரணை வரும்போது வக்கீலுக்குச் சலிப்பு. நடுவழியாக, மூன்றாவது கட்டத்தை ‘குற்றச்சாட்டு வனையும் (கோர்ட் குற்றச்சாட்டை முறைப்படி எழுதும்) வரை’, ‘சாட்சிகள்’, ‘வாதம்’ என்று உடைத்துப் பேசலாம். பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள். ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தால் அதுவே ரசீது. ‘விடுதலையானால் இவ்வளவு’ என்று முடிவை வைத்துப் பீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது.

மாற்றுவது எளிது: பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று வக்காலத்தில் எழுதி வாங்கி, புதியவர் வக்காலத்துத் தாக்கல் செய்வார். தர மறுத்தால் கோர்ட்டில் மனு போட்டு அனுமதி பெறலாம். பீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கி இருந்தால் அவர் தனியாகக் கேட்கட்டும். முறைகேடு இருந்தால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு 1961-ம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் 35-வது பிரிவின் கீழ் புகார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது; 2024 மே மாதத் தீர்ப்போடு அந்தக் கதவு மூடிவிட்டது.

வக்கீல் யாராக இருந்தாலும் வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி உங்கள் செல்போனில் இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வையுங்கள். அடுத்த வாய்தா எப்போது என்று குமாஸ்தாவைக் கேட்கிற வேலை மிச்சம். தேதியைத் தவறவிட்டு பிடிவாரண்ட் ஆனவர்களில் பாதிப்பேர் ‘வக்கீல் சொல்லவில்லை’ என்பார்கள். வாரண்டு வக்கீலைத் தேடி வராது.

மகனை ராத்திரி பதினோரு மணிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் ரிமாண்ட். வீட்டில் கையிருப்பு இல்லை. யாரிடம் போவது?
– ஒரு தாய், கானாடுகாத்தான்

அம்மா, காவலில் இருக்கிற யாருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-வது பிரிவு அதைச் சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படியே. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அல்லது கோர்ட் வளாகத்தில் இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ, சிவகங்கையில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ ஒரு தாளில் மகன் பெயர், ஸ்டேஷன், குற்ற எண் எழுதிக் கொடுங்கள். சிறையில் இருந்தபடியே மகனும் சிறை அதிகாரி வழியாகக் கேட்கலாம். ‘இலவச வக்கீல் ஒழுங்காகப் பார்க்க மாட்டார்’ என்ற பேச்சு பழையது. 2022 முதல் மாவட்டங்களில் இந்த வேலைக்கென்றே முழுநேரமாக நியமித்த, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

கைது செய்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தை அவனுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். ரிமாண்டுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தந்திருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தாள் கிடைத்ததா என்பதுதான் வக்கீல் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அடித்திருந்தால் மாஜிஸ்திரேட் கேட்கும்போது மகன் வாய் திறந்து சொல்ல வேண்டும். பிறகு சொல்வதற்கு மதிப்பு குறையும்.

ஜாமீன் உத்தரவு வந்ததும் வீட்டில் சந்தோஷப்பட்டு ஒரு வாரம் வீணாக்குவார்கள். சூரிட்டி கொடுத்தால்தான் ஆள் வெளியே வருவான். பெரும்பாலும் இரண்டு பேர், அதில் ஒருவர் ரத்த சொந்தம் என்று உத்தரவு இருக்கும். அவர்களுடைய ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது அல்லது சொத்து மதிப்புச் சான்று, புகைப்படம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்று சூரிட்டி உறுதிமொழி தர வேண்டும். கோர்ட் வாசலில் வாடகைக்குக் கிடைக்கிற சூரிட்டியைப் பிடித்தால் அங்கேதான் சிக்கும். முன்ஜாமீன் வாங்கியவர்களுக்கும் இதே எச்சரிக்கை: உத்தரவில் சொன்ன நாட்களுக்குள், பெரும்பாலும் 15, மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி சூரிட்டி தராவிட்டால் கையில் இருக்கிற உத்தரவு வெறும் காகிதம்.

ஜாமீன் மறுக்கப்பட்டுக்கொண்டே இருந்தால் நாள் எண்ணுங்கள். முதல் ரிமாண்டிலிருந்து 60 நாளுக்குள், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றமானால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் மனு போட்டால்தான். நீங்கள் 62-ம் நாள் வந்து கேட்பதற்குள் 61-ம் நாள் குற்றப்பத்திரிகை ஏறிவிட்டால் அந்த உரிமை போயிற்று. 61-ம் நாள் காலை பத்தரை மணிக்கு மனு கோர்ட்டில் இருக்க வேண்டும்.

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊரில் பூர்வீக வீட்டில் எங்கள் பங்கில் இருந்த தேக்குத் தூண் இரண்டையும் ஒரு நிலையையும் பழுதுபார்க்கக் கழற்றினோம். பெரியப்பா மகன் திருட்டுப் புகார் கொடுத்துவிட்டார். பவர் எழுதிக் கொடுத்தால் ஊரில் இருக்கிற மாமா வழக்கைப் பார்த்துக்கொள்ள முடியுமா?
– வாசகர், பள்ளத்தூர்க்காரர்

முடியாது. சொத்துக்குப் பவர் ஏஜென்ட் நிற்கலாம்; குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதிலாக நிற்க முடியாது. வக்கீல்தான் நிற்கலாம். வக்காலத்தில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். சம்மன் வந்தபின் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்க நடைமுறைச் சட்டம் 228-வது பிரிவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் 355. வீடியோ வழியே ஆஜராவதும் நேரில் வந்ததாகவே 355-ல் இப்போது கணக்கு. ஆனாலும் குற்றச்சாட்டு வனையும் நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் டிக்கெட் எடுத்து வையுங்கள்.

வழக்கின் உயிர் ‘நேர்மையற்ற எண்ணம்’ என்ற சொல்லில் இருக்கிறது. பிரிவினை ஆகாத பொது வீட்டில் தன் பங்கு என்று நம்பி, பட்டப்பகலில், ஆசாரியை வைத்துக் கழற்றியது திருட்டாகாது என்பது வாதம். இரவில் லாரியில் ஏற்றி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடையில் விற்றிருந்தால் வாதம் நொண்டும். ஆகவே தூணும் நிலையும் எங்கே இருக்கின்றன என்று உடனே புகைப்படம் எடுத்து, ஆசாரிக்குக் கொடுத்த கூலி, பாகப்பிரிவினைப் பத்திரம் அல்லது குடும்ப ஏற்பாட்டுத் தாள், வீட்டில் யார் பங்கு எந்தப் பகுதி என்ற வரைபடம், வீட்டுவரி கட்டிய ரசீது ஆகியவற்றை வக்கீலிடம் சேருங்கள். இந்த வகை வழக்குக்கு சிவில் தெரிந்த கிரிமினல் வக்கீல் தேவை. எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய மதுரைக் கிளையில் 528-ன் கீழ் மனு போடலாம். பங்காளி சிவில் வழக்கைக் கிரிமினல் உடையில் கொண்டுவந்திருக்கிறார் என்பதைப் பத்திரங்கள் காட்டினால் அங்கே நல்ல காது கிடைக்கும். பிற்பாடு சமாதானமானால் அதே மனு சமரசத்துக்கும் வழி. கோர்ட்டில் பேசித் தீர்க்க முடியாத பிரிவுகளையும் உயர் நீதிமன்றம் சமரசத்தின் பேரில் ரத்து செய்யலாம் என்பது 2012-லிருந்து தெளிவான சட்டம்.

பாஸ்போர்ட் பற்றிக் கவலை நியாயமானது. கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் புதுப்பிக்க 1993-ம் ஆண்டு அறிவிக்கைப்படி அந்தக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்கு மட்டும் தருவார்கள். எத்தனை வருடம் என்று உத்தரவிலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

மஞ்சுவிரட்டில் தள்ளுமுள்ளு. இருபது பேர் மீது 191(2), கலவரப் பிரிவு. அதில் என் பையனும் ஒருவன், போலீஸ் வேலைக்குப் படிக்கிறான். “ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடு, ஒரே நாளில் முடியும்” என்கிறார் குமாஸ்தா.
– வாசகர், திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்)

கட்டாதீர்கள். அபராதம் என்றாலும் அது தண்டனைதான். காவல்துறைப் பணி விதிகளில் இன்னும் ஒரு முள் உண்டு: சந்தேகத்தின் பலனிலோ புகார்தாரர் பல்டி அடித்ததாலோ விடுதலையானாலும் ‘குற்ற வழக்கில் தொடர்புடையவர்’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே இவனுடைய வக்கீல் மற்ற பத்தொன்பது பேரின் வக்கீலாக இருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு எப்படியாவது வெளியே வந்தால் போதும். இவனுக்கு ‘அந்த இடத்தில் இல்லை’ அல்லது ‘வேடிக்கை பார்த்தான்’ என்பதைக் காட்டிப் பெயரையே நீக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் புலன்விசாரணை அதிகாரிக்கு ஆதாரத்தோடு மனு, அது பயனில்லாவிட்டால் 528. வழக்கில் இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள பிரிவும் சேர்ந்திருந்தால், குற்றப்பத்திரிகை நகல் கையில் வந்த 60 நாளுக்குள் 262-ன் கீழ் விடுவிப்பு மனு. அந்த அறுபது நாள் புதிய சட்டத்தில் வந்தது, பழைய பழக்கத்தில் இருக்கிற வக்கீல்கள் தவறவிடுகிறார்கள். தேதியைக் குறித்துக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே நினைவூட்டுங்கள். தேர்வு விண்ணப்பத்தில் வழக்கைப் பற்றிய கேள்வி வந்தால் மறைக்க வேண்டாம். வழக்கை விட மறைத்ததற்காக வேலை போனவர்கள் உண்டு.